நாய் பிஸ்கட்டும் நாலு வார்த்தைச் சட்டமும்

மக்களே, ஒரு சின்ன விடுகதை. இடம் அமெரிக்கா. கோதுமை மாவு, வேர்க்கடலை வெண்ணெய், ரெண்டு முட்டை போட்டு மாவு பிசையறீங்க. பாதி மாவை வட்டமா வெட்டி ஓவன்ல வெச்சு எடுத்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காசுக்கு விக்கறீங்க. மீதி மாவை எலும்பு வடிவத்துல வெட்டி, அதே தட்டு, அதே ஓவன்ல சுட்டு, அந்தப் பையன் வளர்க்கற நாய்க்கு விக்கறீங்க. இந்த ரெண்டுல எதுக்கு சர்க்கார்கிட்ட லைசென்ஸ் வாங்கணும்?

மனுசப் பையன் சாப்பிடறதுக்குத்தானே வாங்கணும்னு தோணும். ஆனா பெரும்பாலான மாநிலங்கள்ல நிலைமை நேர்மாறு. வட்ட பிஸ்கட்டை ஒரு லேபிள் ஒட்டி வித்துட்டுப் போயிடலாம். சில இடத்துல ஒரு சின்னப் பதிவு பண்ணணும், அவ்ளோதான். எலும்பு பிஸ்கட்டுக்குத்தான் உரிமம், வருசா வருசம் கட்டணம், புரதம் எவ்ளோ கொழுப்பு எவ்ளோன்னு கணக்கு, அவங்க சொல்ற மாதிரி லேபிள், எல்லாம்.

டெக்சாஸ்ல இருக்கற தோழி ஒருத்தங்க, வீட்டிலேயே நாய் பிஸ்கட் சுட்டு சனிக்கிழமை சந்தையில விக்கலாம்னு கிளம்பி, இந்த இடத்துலதான் முட்டிக்கிட்டு நின்னாங்க. "மனுசனுக்கு விக்கும்போது ஒண்ணும் கேக்காதவன், நாய்க்கு விக்கும்போது இவ்ளோ கேக்கறானே, என்ன கூத்து இது?" அப்படின்னு போன்ல ஒரே புலம்பல். பதில் தேடிக் கிளம்பினா 150 வருசம் பின்னாடி போக வேண்டியதாயிடுச்சு. கொஞ்சம் நீளமான பதிவுதான். ஒரு காபி போட்டுக்கிட்டு வந்துடுங்க.

நாய்க்குன்னே பிஸ்கட் செஞ்சு கடையில வித்த முதல் ஆள்னு ஜேம்ஸ் ஸ்ப்ராட்டைச் சொல்றது வழக்கம். ஓஹையோ மாநிலத்து அமெரிக்கர். 1860 வாக்குல லண்டனுக்குப் போறார். விக்கப் போனது என்னவோ இடிதாங்கி. துறைமுகத்துல கப்பல்காரங்க தூக்கிப்போட்ட காய்ஞ்ச பிஸ்கட்டை நாய்ங்க அடிச்சுப் பிடிச்சுத் தின்னதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்துச்சாம். (இந்த மாதிரிக் கதையெல்லாம் கம்பெனி பெருசானப்புறம் எழுதறது. பாதிக்குப் பாதி கழிச்சுக்கலாம்.) கோதுமை, காய்கறி, பீட்ரூட், அமெரிக்கப் புல்வெளி மாட்டோட காய வெச்ச கறி, இதெல்லாம் சேர்த்து ஒரு பிஸ்கட். வேட்டைநாய் வளர்க்கற பிரிட்டிஷ் கனவான்கள் வாங்கித் தள்ளிட்டாங்க. அந்தக் கம்பெனியில சின்னப் பையனா வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் க்ரஃப்ட்ங்கறவர்தான் 1891ல தன் பேர்லயே நாய்க் கண்காட்சி ஆரம்பிச்சார். இன்னைக்கும் நடக்கற க்ரஃப்ட்ஸ் கண்காட்சி அதுதான்.

ஸ்ப்ராட் அந்தக் கறி எங்கிருந்து வருதுன்னு கடைசிவரைக்கும் வெளியில சொல்லலைன்னு சொல்லுவாங்க. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரிட்டன்ல 1875ல வந்த உணவு, மருந்து விற்பனைச் சட்டம் "உணவு"ன்னா என்னன்னு சொல்லும்போது, மனிதன் உண்ணவோ குடிக்கவோ பயன்படுத்தற பொருள்னு முடிச்சுக்கிச்சு. நாய்க்குப் போடறது உணவே இல்லை, முடிஞ்சது கதை. 1893ல உரம், தீவனத்துக்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டாங்க. அதுவும் பண்ணை விலங்குகளை மனசுல வெச்சு எழுதினது.

இந்த இடத்துல அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா வந்துடுவோம். அங்கே விஷயத்தைக் கிளப்பினது நாய் இல்லை, மாடு.

19ஆம் நூற்றாண்டோட கடைசியில அமெரிக்க விவசாயி தீவனத்தை மூட்டையா விலைக்கு வாங்க ஆரம்பிச்சார். கோதுமைத் தவிடு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு இதெல்லாம். மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அரிசி உமி, ஓட்ஸ் தொலி, வேர்க்கடலை ஓடு, அரைச்ச சோளத் தட்டை, மரத்தூள் வரைக்கும் கலந்து வித்தாங்க. நம்மூர்ல தவிட்டுல உமி கலக்கற அதே கதைதான். தவிடு, உமி ரெண்டும் அரைச்சுட்டா ஒரே நிறம். மாடு பால் கறக்காம நிக்கும்போதுதான் ஏமாந்தது தெரியும்.

கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்க ஒரு வழி 1883ல கிடைச்சுது. கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட ஆய்வகத்துல யோஹான் கெல்டால்ங்கற வேதியியலர் ஒரு சோதனை முறையைக் கண்டுபிடிச்சார். புரதத்துல ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். அதனால பொருள்ல இருக்கற நைட்ரஜனை அளந்து 6.25ஆல பெருக்கினா புரதம் எவ்ளோன்னு தோராயமா வந்துடும். இதுக்கு "கச்சாப் புரதம்"னு பேர். உமியில நைட்ரஜன் ரொம்பக் கம்மி. கலந்தவன் மாட்டிக்குவான். எளிமையான, மலிவான சோதனை. இந்த 6.25ஐ மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில பெரிய வில்லங்கத்தோட திரும்பி வரும்.

1887ல ஹேட்ச் சட்டம்னு ஒண்ணு போட்டு ஒவ்வொரு மாநிலத்திலும் விவசாய ஆராய்ச்சி நிலையங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுத்துச்சு. அங்கே உக்காந்திருந்த வேதியியலர்கள்தான் தீவன மூட்டைக்கும் போலீஸ்காரர் ஆனாங்க. மாநிலங்கள் ஒவ்வொண்ணா தீவனச் சட்டம் போட்டுச்சு. மூட்டை மேல புரதம், கொழுப்பு எவ்ளோன்னு உத்தரவாதம் எழுதணும், எழுதினது இருக்கான்னு மாநில வேதியியலர் சோதிப்பார். டெக்சாஸ்ல இன்னைக்கும் அந்த அலுவலகத்துக்குப் பேரே "மாநில வேதியியலர் அலுவலகம்"தான். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோட குடும்பத்துல இருக்கு. என் தோழியோட நாய் பிஸ்கட் விண்ணப்பம் போக வேண்டிய இடமும் அதுதான். பேக்கரிக்காரங்க போற சுகாதாரத் துறை பக்கம் இல்லை, மாட்டுத்தீவனக்காரங்க போற பக்கம்.

அடுத்து 1906. அப்டன் சின்க்ளேரோட 'தி ஜங்கிள்' நாவல் சிகாகோ கறிக்கூடங்களோட அழுக்கை ஊருக்கே காட்டின வருசம். அதுக்கு முன்னாடியே, 1902ல இருந்து, ஹார்வி வைலிங்கற அரசாங்க வேதியியலர் திடகாத்திரமான இளைஞர்களைக் கூட்டி வெச்சு, உணவுல கலக்கற ரசாயனங்களைச் சாப்பிட வெச்சு என்ன ஆகுதுன்னு பார்த்துக்கிட்டிருந்தார். பத்திரிகைக்காரங்க அந்தப் பசங்களுக்கு "விஷப் படை"ன்னு பேர் வெச்சாங்க. இந்தச் சத்தத்துக்கு நடுவுல 1906 ஜூன் 30ஆம் தேதி அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார்.

அதுல "உணவு"ங்கற சொல்லுக்கு விளக்கம் கொடுக்கற இடத்துல, உண்ணறது, குடிக்கறது, மிட்டாய், சுவைகூட்டின்னு வரிசையா சொல்லிட்டு, யார் பயன்படுத்தறதுன்னா - "மேன் ஆர் அதர் அனிமல்ஸ்". மனிதனோ மற்ற விலங்குகளோ. ஆங்கிலத்துல நாலே வார்த்தை. பிரிட்டிஷ்காரங்க "மனிதன்"னு நிறுத்தின இடத்துல இவங்க நிறுத்தலை. அதுலயும் "மற்ற"ன்னு ஒரு சொல்லைப் போட்டு மனுசனையும் விலங்குக் கணக்குலயே சேர்த்துட்டாங்க பாருங்க. டார்வின் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார் :-)

அந்த நாலு வார்த்தையால, உள்ள இருக்கறதை மறைச்சு, அழுகினதைக் கலந்து, பொய்ப் பேர் ஒட்டி விக்கறது மாட்டுத்தீவனமா இருந்தாலும் நாய் பிஸ்கட்டா இருந்தாலும் மத்தியச் சட்டப்படி குற்றம்னு ஆயிடுச்சு. 1937ல 'எலிக்ஸிர் சல்ஃபனிலமைட்'ங்கற மருந்தைக் குடிச்சு நூறு பேருக்கு மேல செத்தாங்க, அதுல நிறையக் குழந்தைங்க. அதுக்கப்புறம் 1938ல பழைய சட்டத்தைத் தூக்கிட்டுப் புதுச் சட்டம் கொண்டு வந்தப்பவும் இந்த நாலு வார்த்தை அப்படியே தப்பிப் பிழைச்சுது. கூடவே சூயிங்கத்தையும் உணவுன்னு சேர்த்துட்டாங்க. இன்னைக்கும் நடைமுறையில இருக்கறது அந்த 1938 சட்டம்தான்.

ஆனா மத்தியச் சட்டம் உரிமம் எல்லாம் கேக்கலை. உரிமம், பதிவு எல்லாம் மாநிலத்துக் கையில. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி கேட்டா வியாபாரம் எப்படி நடக்கும்? 1909ல மாநிலத் தீவன அதிகாரிங்க எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. சுருக்கமா ஆஃப்கோ. நாய் உணவுப் பை எதை எடுத்துப் பார்த்தாலும் பின்னாடி இந்தப் பேர் இருக்கும். நிறைய பேர் நினைக்கற மாதிரி இது அரசாங்கத் துறை இல்லை. எந்த உணவையும் சோதிக்கறதும் இல்லை, முத்திரை குத்தறதும் இல்லை. "ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது"ன்னு யாராவது போட்டிருந்தா அது டூப். அவங்க மாதிரிச் சட்டமும் மூலப்பொருள் விளக்கங்களும் எழுதுவாங்க. மாநிலங்கள் அதைப் பார்த்துத் தங்களோட சட்டமா ஆக்கிக்கும்.

கவனிங்க, அந்தச் சங்கம் பிறந்த காலத்துல நாய் உணவுத் தொழில் இன்னும் குழந்தை. நியூயார்க்ல மில்க்போன் பிஸ்கட் வந்தது 1908. இல்லினாய்ஸ்ல குதிரைக்கறியை டப்பாவுல அடைச்சு கென்-எல் ரேஷன்னு விக்க ஆரம்பிச்சது 1922. ரெண்டாம் உலகப்போர்ல தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்து டப்பா உணவு படுத்துச்சு, உலர் உணவு மேல வந்துச்சு. இந்தத் தொழில் வளர்ந்து நிமிர்ந்து பார்க்கும்போது அதுக்குன்னு தனிச் சட்டம் எதுவும் காத்துக்கிட்டு இல்லை. தயாரா இருந்தது மாட்டுத்தீவன மூட்டைச் சட்டம்தான். நாயையும் அந்த மூட்டைக்குள்ளயே போட்டுட்டாங்க.

என் தோழியோட லேபிள்ல வர்ற விசித்திரமெல்லாம் இங்கேருந்து வந்ததுதான். குறைந்தபட்சக் கச்சாப் புரதம், குறைந்தபட்சக் கச்சாக் கொழுப்பு, அதிகபட்ச நார், அதிகபட்ச ஈரப்பதம், நாலும் சதவீதத்துல போடணும். நாய் கை கொடுத்ததுக்குப் பரிசா ஒரு துண்டு பிஸ்கட் தர்றவங்க யாரும் அதுல புரதம் எத்தனைன்னு பார்த்துத் தர்றதில்லை. உமி கலந்த தவிட்டைப் பிடிக்கறதுக்கு எழுதின நாலு வரி, பரிசு பிஸ்கட் முதுகுல இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அந்த எண் தெரியணும்னா பெரும்பாலும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்பணும். ஆறு சுவைன்னா ஆறு தடவை.

ஆனா எல்லாமே வெட்டி வேலைன்னு சொல்ல மாட்டேன். பேர் வைக்கற விதி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. "மாட்டிறைச்சி நாய் உணவு"ன்னு பேர் வெச்சா, சேர்க்கற தண்ணியைக் கழிச்சுட்டுப் பார்த்தா 95 சதவீதம் மாட்டிறைச்சி இருக்கணும். "மாட்டிறைச்சி டின்னர்"னு ஒரு வாலைச் சேர்த்துட்டா 25 சதவீதம் போதும். "மாட்டிறைச்சியுடன்"னு போட்டா 3 சதவீதம். "மாட்டிறைச்சி ஃப்ளேவர்"னு போட்டா நாய் நாக்குக்குத் தெரியற அளவு இருந்தா சரி. ஒரு உருபு மாறினா முப்பது மடங்கு கறி காணாமப் போகும். தொல்காப்பியர்கூட வேற்றுமை உருபுக்கு இவ்ளோ மதிப்புக் கொடுத்திருப்பாரான்னு தெரியலை. நம்மூர் மெஸ் பிரியாணிக்கும் இந்த விதியைக் கொண்டு வந்தா பாதிப் பலகையைக் கழட்ட வேண்டியிருக்கும்.

இன்னொண்ணு, வீட்டுத் தொழில் பண்றவங்க அடிக்கடி விழற குழி. பிஸ்கட்ல மஞ்சள் போட்டுட்டு "மூட்டுவலி தீரும்"னு அட்டையில எழுதினா அந்த நிமிசமே அது சட்டப்படி உணவு இல்லை, மருந்து. அனுமதி வாங்காத மருந்து வித்த கேஸ். நோயைத் தீர்க்கும்னு சொன்னாலே மருந்துங்கறது விலங்குகளுக்கும் சேர்த்துத்தான். அதே மாதிரி, மனுசங்க சாப்பிடற மாவுலதானே செஞ்சேன்னு "மனிதத் தரம்"னு போட முடியாது. மூலப்பொருள் மட்டும் இல்லை, செய்யற இடமும் முறையும் முழுக்க மனித உணவுத் தொழிற்சாலை விதிப்படி இருந்தாத்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம்.

சரி, 6.25க்கு வருவோம்.

2007 மார்ச் 16. கனடாவோட ஒன்டாரியோவுல இருந்த மெனு ஃபுட்ஸ் கம்பெனி 6 கோடிக்கு மேல நாய், பூனை உணவு டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெறுது. கடையில நூறு பேர்ல விக்கற உணவு, பார்த்தா ஒரே கொப்பரையில வெந்தது. பணக்காரப் பேர், ஏழைப் பேர் எல்லாம் ஒண்ணுதான்னு அன்னைக்குத்தான் அமெரிக்காக்காரனுக்கே தெரிஞ்சுது. நாய்ங்களும் பூனைங்களும் சிறுநீரகம் செயலிழந்து செத்துக்கிட்டிருந்துச்சு. காரணம், சீனாவுல இருந்து வந்த கோதுமைப் புரதம்னு சொல்லி வித்த மாவு. அதுல மெலமைன்.

மெலமைன்னா நம்ம வீட்டுல இருக்கற உடையாத தட்டு செய்யற பொருள். அதை எதுக்குத் தீவனத்துல போடணும்? மெலமைன்ல எடைக்கு மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் சோதனைக்கு நைட்ரஜன் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாது. இருக்கறதை அளக்கும், 6.25ஆல பெருக்கும். 66.6ஐ 6.25ஆல பெருக்கிப் பாருங்க. நூத்துக்கு நானூத்திப் பதினாறு சதவீதம் புரதம்! ஒரு சிட்டிகை போட்டா வெறும் கோதுமை மாவுகூட உயர்தரப் புரதமா ஆயிடும். உமி கலக்கறவனைப் பிடிக்க வெச்ச சோதனையே, கலப்படக்காரனுக்கு எதைக் கலக்கணும்னு சொல்லிக் கொடுத்துடுச்சு. மெலமைனோட சயனூரிக் அமிலமும் சேர்ந்து வந்ததால ரெண்டும் சிறுநீரகத்துக்குள்ள படிகமா உறைஞ்சு அடைச்சுக்கிச்சு.

எத்தனை உயிர் போச்சுன்னு உறுதியா ஒரு எண் கிடையாது. மனுசங்களுக்கு நோய்க்கணக்கு எடுக்க அமைப்பு இருந்துச்சு, நாய் பூனைக்கு நாடு முழுக்க அப்படி ஒண்ணு இல்லை. எஃப்.டி.ஏ.வுக்கு ஆயிரக்கணக்குல புகார் வந்துச்சு. 2008ல கம்பெனிங்க 2 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசம் பண்ணிக்கிட்டாங்க. அந்த மாவை இறக்குமதி பண்ணின அமெரிக்கக் கம்பெனி 2009ல குற்றத்தை ஒத்துக்கிட்டு, அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்புமா தப்பிச்சுக்கிச்சு.

அடுத்ததுதான் எனக்குத் தொண்டையில நிக்குது. 2008 செப்டம்பர்ல சீனாவுல குழந்தைங்க பால் பவுடர்ல மெலமைன் வெளிய வந்துச்சு. அதே பொருள், அதே காரணம். தண்ணி கலந்த பாலுக்குச் சோதனையில புரதம் காட்டணும். ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைங்களுக்குப் பாதிப்பு, 6 குழந்தைங்க செத்துப் போச்சு. ரெண்டு பேரைத் தூக்கிலேயோ ஊசியிலேயோ, எப்படியோ, 2009ல மரண தண்டனை கொடுத்துக் கணக்கை முடிச்சாங்க. ஒண்ணரை வருசம் முன்னாடியே நாய்ங்களும் பூனைங்களும் செத்து அந்தச் சேதியைச் சொல்லியிருந்துச்சு. 1906ல எழுதின "மற்ற விலங்குகளோ" வெறும் ஜீவகாருண்யம் இல்லை. ஒரே சந்தை, ஒரே மாவு, ஒரே கலப்படக்காரன்.

தலைகீழாவும் நடந்திருக்கு. 2012ல ஒரு உலர் நாய் உணவுல இருந்த சால்மொனெல்லா கிருமியால அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 49 மனுசங்களுக்கு நோய் வந்துச்சு. அவங்க அதைத் தின்னலை. தட்டுல போட்டாங்க, கையைக் கழுவலை, அவ்ளோதான். தவழற குழந்தை இருக்கற வீட்டுல நாய்த் தட்டும் குழந்தைத் தட்டும் எவ்ளோ தூரம்?

2007 செப்டம்பர்லயே அமெரிக்க நாடாளுமன்றம், வளர்ப்பு விலங்கு உணவுக்கு மூலப்பொருள் தரம், லேபிள் தரம் எல்லாம் ரெண்டு வருசத்துக்குள்ள வகுக்கணும்னு எஃப்.டி.ஏ.வுக்குக் கட்டளை போட்டுச்சு. ரெண்டு வருசம் போச்சு, பத்து வருசமும் போச்சு. 2018ல வேறொரு சட்டத்துக்குள்ள ஒரு பிரிவா வெச்சு அந்தக் கட்டளையையே ரத்து பண்ணிட்டாங்க. சத்தமே இல்லை. இதுக்கு நடுவுல கோழிக்கறி ஜெர்க்கி வத்தல் தின்னு நாய்ங்க நோயில விழுந்ததா 2007ல இருந்து புகார். 2015 முடியறதுக்குள்ள 6,200 நாய்க்கு மேல பாதிப்பு, 1,140க்கு மேல சாவுன்னு கணக்கு. பெரும்பாலும் சீனத் தயாரிப்பு. எந்தப் பொருளாலன்னு எஃப்.டி.ஏ. எவ்ளோ தேடியும் உறுதியா கண்டுபிடிக்க முடியலை. ஒண்ணு மட்டும் உருப்படியா நடந்துச்சு. 2011 ஜனவரியில ஒபாமா கையெழுத்துப் போட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ, 2015ல விலங்கு உணவுத் தொழிற்சாலைங்களுக்கும் நோய் வராம முன்கூட்டியே தடுக்கற விதிகள் வந்துச்சு.

இப்போ வீட்டு அடுப்புக்குத் திரும்புவோம். செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் 2002ல வந்த உயிரிப் பயங்கரவாதச் சட்டப்படி உணவு செய்யற இடமெல்லாம் எஃப்.டி.ஏ.வுல பதிவு பண்ணணும். ஆனா ஒருத்தர் குடியிருக்கற வீடு அதுல வராதுன்னு விதியிலேயே இருக்கு. அதனால மத்திய அரசுப் பதிவு தோழிக்கு வேண்டாம். கலப்படம், பொய் லேபிள் கூடாதுங்கற 1938 சட்டம் மட்டும் வீட்டுக்கும் உண்டு.

மாநிலத்துலதான் சிக்கல். 2008 பொருளாதாரச் சரிவுக்கு அப்புறம் வீட்டுல செஞ்ச கேக், ஊறுகாய், ஜாம் விக்க மாநிலங்கள் வரிசையா வழி திறந்துவிட்டுச்சு. டெக்சாஸ்ல 2011, கலிஃபோர்னியாவுல சட்டம் 2012ல கையெழுத்தாகி 2013ல அமல். இந்தச் சட்டங்களை எழுதினவங்க மனசுல இருந்தது மனுச வாய் மட்டும். அதனால பெரும்பாலான இடத்துல நாய் பிஸ்கட் அந்தச் சலுகைக்கு வெளியவே நின்னுடுச்சு. கொடுமை என்னன்னா, வரி போடும்போது கதை வேற. பல மாநிலங்கள்ல மளிகை உணவுக்கு விற்பனை வரி இல்லை, நாய் உணவுக்கு உண்டு. டெக்சாஸும் அப்படித்தான். ஆக ஒரே பிஸ்கட், உணவுச் சட்டத்துக்கு உணவு, வீட்டுச் சமையல் சட்டத்துக்கு உணவு இல்லை, வரிக்காரருக்கும் உணவு இல்லை. 1875 பிரிட்டனும் 1906 அமெரிக்காவும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடற மாதிரி.

விட்டுடலாமே, வீட்டுல செய்யறதுக்கு எதுக்குச் சட்டம்னு கேட்டா, அதையும் என்னால ஒத்துக்க முடியலை. நாய் உடம்பு மனுச உடம்பு இல்லை. சர்க்கரைக்குப் பதிலா போடற சைலிட்டால் நமக்கு ஒண்ணும் பண்ணாது, நாய்க்குக் கொஞ்சமே போதும், உயிர் போயிடும். சில வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவுல அது இருக்கு. பாயசத்துல போடற உலர்திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், மக்கடேமியா எதுவும் ஆகாது. பாசத்தோட சுடறவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும்.

எனக்கு நியாயமாப் படறது மினசோட்டாக்காரங்க பண்ணினதுதான். 2021ல வீட்டுச் சமையல் விற்பனையோட உச்சவரம்பை வருசத்துக்கு 18,000 டாலர்ல இருந்து 78,000 டாலரா உயர்த்தினப்போ, நாய் பூனைக்குச் சுட்ட, உலர்த்தின தின்பண்டத்தையும் அதே சட்டத்துக்குள்ள சேர்த்துட்டாங்க. பயிற்சி எடுக்கணும், பதிவு பண்ணணும், வீட்டுல செஞ்சது, அரசு சோதனைக்கு உட்பட்டதில்லைன்னு வாங்கறவருக்குத் தெரியற மாதிரி எழுதணும், மாநிலத்துக்குள்ளயே விக்கணும். பொருளுக்கு ஒரு கட்டணம்னு கறக்கறது இல்லை. பொருள்வாரியா பதிவு கேக்கற மாநிலங்கள்ல, ஆறு சுவையைப் பத்து மாநிலத்துக்கு அனுப்பினா அறுபது பதிவு. ஆயிரம் டன் விக்கறவனுக்கு அது டீ செலவு. சனிக்கிழமை சந்தையில நாப்பது பொட்டலம் விக்கறவங்களுக்கு அதுதான் மொத்த லாபமும்.

தோழி கடைசியில ஆறு சுவையை ரெண்டாக் குறைச்சுக்கிட்டு, பூசணிக்காய் ஒண்ணு, வேர்க்கடலை ஒண்ணு, மாநில வேதியியலர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்க. லேபிளுக்கு "உடன்"னு போடறதா "ஃப்ளேவர்"னு போடறதான்னு வீட்டுல பட்டிமன்றம் நடக்குது. பூசணிக்காயை நிறையவே போடறேன், பின்ன எதுக்கு ஃப்ளேவர்னு போடணும்ங்கறது அவங்க கட்சி.

டிஸ்கி 1: நான் வக்கீல் இல்லைங்க. விதி மாநிலத்துக்கு மாநிலம் வேற. மாவு பிசையறதுக்கு முன்னாடி உங்க மாநில விவசாயத் துறையிலயோ தீவன அதிகாரிகிட்டயோ ஒரு போன் போட்டுடுங்க. ஆஃப்கோ 2023ல லேபிள் விதிகளைப் புதுசா மாத்தி ஒப்புதல் கொடுத்து, கம்பெனிங்க மாறிக்க ஆறு வருசம் அவகாசம் விட்டிருக்கு. அதனால பழைய லேபிளைப் பார்த்து அப்படியே காப்பி அடிச்சுடாதீங்க.

டிஸ்கி 2: ஹெச்4 விசாவுல இருக்கறவங்களுக்கு. வேலை அனுமதி அட்டை இல்லாம வீட்டுத் தொழில்ல சம்பாதிக்கறதும் வேலை கணக்குலதான் வரும். 2015ல வந்த விதிப்படி ஹெச்4ல சிலருக்கு மட்டும்தான் அந்த அட்டை கிடைக்கும். நாய்க்கு லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு இருக்கான்னு பார்த்துக்கோங்க.